இரண்டு செக்யூரிட்டி ஏஜென்சிகள் இணைந்த பிறகு பெயரும் சீருடையும் மாற்றுவது எப்படி? சேலம், ஏற்காடு வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஜவுளிக் கடை பெயரை மாற்றினால் போர்டு மாறும், பை மாறும், பில் மாறும். வாடிக்கையாளர் ஒரு தடவை விசாரித்துவிட்டுப் பழகிக்கொள்வார். செக்யூரிட்டி ஏஜென்சிக்கு அது போதாது. நம்முடைய பெயர் இரவு 2 மணிக்குக் கேட்டில் நிற்கிற மனிதரின் சட்டைக் கையில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் லாரி டிரைவர் வண்டியை நிறுத்துகிறார், விடுதி வார்டன் கதவைத் திறக்கிறார், ஆலை மேனேஜர் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அந்தச் சட்டை மாறுகிற சில வாரங்களில் எது சரியான சட்டை என்று பாதிப் பேருக்குத் தெரியாது. உள்ளே நுழைய நினைக்கிற திருடனுக்கு அதைவிட வசதியான நேரம் கிடையாது.

அதனால் இந்தத் தொழிலில் பெயர் மாற்றத்தை விளம்பர வேலையாகப் பார்க்கவே கூடாது. அது முதலில் ஒரு பாதுகாப்பு வேலை. லோகோ வரைபவரைக் கூப்பிடுவதற்கு முன்னால் காவல் இடங்களைச் சுற்றிப் பார்க்கிற ஃபீல்டு ஆபீசர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த எண்ணத்தில்தான் வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

பேச வசதியாக ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். சூரமங்கலத்தில் அலுவலகம் வைத்து கருப்பூர், ஓமலூர், மேச்சேரி, மேட்டூர் பக்கம் ஆலைகளுக்கும் குடோன்களுக்கும் ஆள் அனுப்புகிற ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். ஏற்காட்டில் காப்பி எஸ்டேட், ரிசார்ட், பள்ளி விடுதிகளுக்கு ஆள் கொடுக்கிற ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனம். இரண்டும் ஒன்றாகின்றன.

முதல் படி: எந்த பான் எண் மிஞ்சப் போகிறது?

பெயரைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். ஒரு நிறுவனம் மற்றதன் தொழிலை வாங்கிக்கொள்ளலாம். இருவரும் சேர்ந்து புதிய கம்பெனி தொடங்கி, பழைய இரண்டையும் அதற்குள் கொண்டுவரலாம். இரண்டுமே கம்பெனிகளாக இருந்தால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின்படி தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் திட்டம் போட்டு இணைக்கலாம்; சிறு கம்பெனிகளுக்கு 233ஆம் பிரிவில் சுருக்கமான வழி உண்டு.

எந்த வழியில் போகிறோம் என்பதை வைத்துத்தான் பான் எண் அமையும். பான் எண்ணை வைத்து ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வாடிக்கையாளர் தன் கணக்கில் நமக்குக் கொடுத்த வெண்டார் எண் எல்லாம் அமையும். வெறும் பெயர் மட்டும் மாறி பான் அப்படியே இருந்தால் வேலை பாதி. பான் மாறினால் ஏறக்குறைய எல்லாமே புதுப் பதிவு. நம் உதாரணத்தில் சூரமங்கலம் கம்பெனியின் பான் எண் தொடர்கிறது, ஏற்காடு நிறுவனத்தின் பான் நின்றுபோகிறது. ஆகவே மலையில் உள்ள ஒவ்வொரு சைட்டுக்கும் இது வெறும் பெயர் மாற்றம் அல்ல, ஒப்பந்தக்காரரே மாறுகிறார். அங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாம் படி: உரிமம்

2005ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்த முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இணைப்பு நேரத்தில் பலர் எடுத்துக்கொள்ளும் தவறான ஊகம், “இரண்டு பேரிடமும் உரிமம் இருக்கிறது, அப்புறம் என்ன?” என்பது. உரிமம் குறிப்பிட்ட நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட பரப்புக்காகக் கொடுக்கப்படுவது. நின்றுபோகிற நிறுவனத்தின் உரிமத்தை வைத்துக்கொண்டு தொடர்கிற நிறுவனம் வேலை பார்க்கலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

சட்டத்தில் உள்ள கட்டணம் மூன்று வகை: ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு முதல் ஐந்து மாவட்டங்களுக்கு 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. ஏற்காடு சேலம் மாவட்டத்துக்குள்தான் வருகிறது, அதில் சிக்கல் இல்லை. ஆனால் இணைகிற இன்னொருவருக்கு நாமக்கல்லிலோ தர்மபுரியிலோ சைட் இருந்தால், தொடர்கிற நிறுவனத்தின் உரிமம் அந்த மாவட்டங்களை உள்ளடக்கியதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் விண்ணப்பித்து, உரிமம் கைக்கு வந்த பிறகுதான் அந்த சைட்டுகளில் சட்டை மாற வேண்டும்.

நிர்வாகத்தில் மாற்றம் ஏற்பட்டால் 7 நாளுக்குள், உரிமம் வழங்குகிற கட்டுப்பாட்டு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் மாதிரி விதிகள் சொல்கின்றன. விண்ணப்பம் கிடைத்த 60 நாளுக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும், உரிமத்தின் ஆயுள் 5 ஆண்டு, புதுப்பிக்கக் காலாவதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வையுங்கள். இணைப்பு வேலை மும்முரத்தில் உரிமம் புதுப்பிக்கும் தேதி கண்ணில் படாமல் போவது எளிது.

துப்பாக்கி ஏந்திய காவலாளிகள் இருந்தால் ஆயுத உரிமத்தில் என்ன பெயர் இருக்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். வாக்கி டாக்கி உரிமமும் அப்படியே.

மூன்றாம் படி: பெயர்

நான்கு வழிகள்தான் உண்டு. ஒரு பெயரை வைத்துக்கொண்டு மற்றதை விடுவது, இரண்டையும் சேர்ப்பது, புதுப் பெயர், கொஞ்ச காலத்துக்கு இரண்டையும் விட்டுவைப்பது.

உலகப் பெரிய நிறுவனங்களே இந்த நான்கிலும் மாறி மாறிப் போயிருக்கின்றன. 2004இல் குரூப் 4 நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவும் செக்யூரிகோரும் இணைந்தபோது முதலில் இரண்டு பெயரையும் சேர்த்து ‘குரூப் 4 செக்யூரிகோர்’ என்று வைத்தார்கள். பிறகுதான் அதைச் சுருக்கி ‘ஜி4எஸ்’ ஆக்கினார்கள். 2016இல் அமெரிக்காவில் அலைட்பார்ட்டனும் யுனிவர்சல் சர்வீசஸும் இணைந்து ‘அலைட் யுனிவர்சல்’ ஆயின. அதே அலைட் யுனிவர்சல் 2021இல் ஜி4எஸ்ஸை வாங்கியபோது அமெரிக்காவில் தன் பெயரை வைத்தது, பிரிட்டன் முதலிய பல நாடுகளில் ஜி4எஸ் என்ற பெயரை அப்படியே விட்டது. முதலாளி ஒருவர்தான், ஆனால் எந்த ஊரில் எந்தப் பெயரை மக்கள் நம்புகிறார்களோ அந்த ஊரில் அந்தப் பெயர்.

நம் வட்டாரத்துக்கும் அந்தக் கடைசி வழி யோசிக்க வேண்டிய ஒன்று. ஏற்காட்டில் எஸ்டேட் உரிமையாளர்கள் பலர் மலையிலேயே குடியிருப்பதில்லை. நாகலூரிலோ செம்மடுவிலோ இருக்கிற எஸ்டேட்டைப் பல வருடமாக ஒரு பெயரை நம்பி ஒப்படைத்திருப்பார்கள். அந்தப் பெயரை ஒரே நாளில் அழிப்பதில் என்ன லாபம்? சட்டப்படி பில்லில் தொடர்கிற கம்பெனியின் பெயர், சட்டைக் கையில் புதுப் பெயரும் அதற்குக் கீழே சிறியதாக மலைப் பெயரும் என்று ஒரு சீசனாவது ஓட்டலாம். என் கணிப்பில், இணைகிற இருவரில் சிறியவரின் பெயர் ஓர் ஊரில் மட்டும் வலுவாக இருந்தால் அங்கே அதை அவசரப்பட்டு விடக் கூடாது.

புதுப் பெயர் என்று முடிவானால் நான்கு சோதனைகள். முதலில் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயர் காலியா என்று தேடுங்கள். அடுத்து வணிகச் சின்னப் பதிவேட்டில் 45ஆம் வகுப்பில் தேடுங்கள். உடைமைக்கும் ஆளுக்கும் பாதுகாப்பு தரும் சேவை அந்த வகுப்பில்தான் வரும். சி.சி.டி.வி., அலாரம் விற்பதாக இருந்தால் 9ஆம் வகுப்பிலும் பாருங்கள். இணையவழி விண்ணப்பத்துக்கு ஒரு வகுப்புக்கு, தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவு கிடைத்தால் 10 ஆண்டுக்குச் செல்லும்.

மூன்றாவது சோதனையைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை: வாக்கி டாக்கியில் சொல்லிப் பாருங்கள். மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வைக்கிற பெயர்கள் சேலத்தில் ஏராளம். போனில் கேட்டால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. ராத்திரி மழையில் கேட்டில் இருப்பவர் “எந்தக் கம்பெனி?” என்று கேட்டு, வருகிற பதில் பழக்கமான பெயர்தானா என்று உடனே பிரித்துச் சொல்ல முடிய வேண்டும்.

நான்காவது, பெயரிலும் சின்னத்திலும் அரசு, போலீஸ், ராணுவம் என்று நினைக்க வைக்கிற எதுவும் வேண்டாம். நான்முகச் சிங்கமோ அதன் சாயலோ கண்டிப்பாகக் கூடாது. 2005ஆம் ஆண்டு அரசுச் சின்னச் சட்டம் அதைத் தடுக்கிறது.

பெயரை மாற்றுவது கம்பெனியாக இருந்தால் சிறப்புத் தீர்மானம், மத்திய அரசின் ஒப்புதல், புதிய சான்றிதழ் என்று போகும். சேலம் கோயம்புத்தூர் கம்பெனிப் பதிவாளரின் எல்லைக்குள் வருகிறது. உங்கள் கம்பெனி செக்ரட்டரி இதைப் பார்த்துக்கொள்வார். ஆனால் ஒன்றை மட்டும் நீங்களே நினைவில் வையுங்கள்: பெயர் மாறி இரண்டு ஆண்டு வரை பெயர்ப் பலகையிலும் லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் பழைய பெயரையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. டிசைன் செய்பவருக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்கு இடம் விட்டு வரையட்டும்.

நான்காம் படி: பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதுவது

ஒன்றையும் அச்சடிக்காதீர்கள். முதலில் ஃபீல்டு ஆபீசர்கள் தங்கள் ரவுண்டில் ஒவ்வொரு சைட்டிலும் போட்டோ எடுத்து வரட்டும். சட்டை, தொப்பி, அடையாள அட்டை, விசில் கயிறு, மழைக் கோட்டு, டார்ச் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், விசிட்டர் ரிஜிஸ்டர், மெட்டீரியல் கேட் பாஸ் புத்தகம், சாவி ரிஜிஸ்டர், ரப்பர் ஸ்டாம்ப், செக்யூரிட்டி கேபின் மேல் பலகை, மதில் மேல் ‘இந்த இடம் இவர்களின் பாதுகாப்பில் உள்ளது’ என்ற தகடு, ரோந்து பைக், வாட்ஸ்அப் குழுவின் படம்.

இவற்றில் ஆபத்தானவை மூன்று: அடையாள அட்டை, ரப்பர் ஸ்டாம்ப், கேட் பாஸ் புத்தகம். பழைய பலகை இன்னும் ஒரு மாதம் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். பழைய ஸ்டாம்ப் வைத்த கேட் பாஸ் புத்தகம் ஒன்று வெளியே போனால் ஒரு லோடு சரக்கு போய்விடும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்கும் லீ பஜார் மண்டிகளுக்கும் ஆள் போட்டிருப்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே அந்த மூன்றுக்கும் வரிசை எண்ணோடு தனிப் பட்டியல். மற்றவற்றுக்குச் சும்மா எண்ணிக்கை போதும்.

ஐந்தாம் படி: சீருடை

தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு ராணுவம், கடற்படை, விமானப்படை, போலீஸ் முதலியோரின் சீருடையையோ அதைப் போன்ற தோற்றமுள்ள உடையையோ தனியார் காவலாளி அணியக் கூடாது என்கிறது. அணிந்தால் அவருக்கும் ஏஜென்சி உரிமையாளருக்கும் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காக்கியும் புள்ளி போட்ட ராணுவத் துணியும் வேண்டவே வேண்டாம். இணைகிற இரண்டில் ஒருவர் அப்படி ஏதாவது அணிவித்துக்கொண்டிருந்தால், அதைக் கைவிட இதுதான் நல்ல வாய்ப்பு.

மாதிரி விதிகளின்படி சட்டைக் கையில் ஏஜென்சியின் பட்டை, தோளிலோ மார்பிலோ பதவியைக் காட்டும் பட்டை, கயிற்றோடு விசில், கயிறு கட்டிய ஷூ, தொப்பி ஆகியவை வேண்டும். தொப்பியிலும் ஏஜென்சி அடையாளம் இருக்கலாம். காவலாளியிடம் ஒரு நோட்டும் பேனாவும் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இதில் ஏற்காட்டுக்கு ஒரு தனிச் சிக்கல். மலையில் வருடத்தில் பல மாதங்கள் இரவில் வெறும் சட்டையோடு நிற்க முடியாது. பட்டை தைத்த சட்டை உள்ளே இருக்கும். வெளியே சொந்த ஸ்வெட்டரும் குல்லாவும். பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பவர் யார் என்றே தெரியாது. புதுச் சட்டைக்குச் செலவழித்துவிட்டு ஸ்வெட்டரை அவர்கள் பொறுப்பில் விட்டால், மலையில் புதுப் பெயரை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆகவே ஏற்காடு சைட்டுகளுக்கு முதலில் தைக்க வேண்டியது ஜெர்கினும் மழைக் கோட்டும். இரண்டிலும் முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற எழுத்தில் பெயர், கையில் பட்டை. சட்டை அதற்குப் பிறகு வந்தாலும் பரவாயில்லை. சேலத்தில் இதற்கு நேர்மாறு. ஏப்ரல் வெயிலில் ஆலைக் கேட்டில் நிற்பவருக்குத் தடித்த பாலியெஸ்டர் கொடுத்தால் இரண்டாம் நாளே மேல் பொத்தானைத் திறந்துவிடுவார். பருத்தி கலந்த துணியாக எடுங்கள்.

ஒருவருக்கு இரண்டு செட் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றுதான் கொடுத்தால் துவைக்கிற நாளில் பழைய சட்டை திரும்ப வந்துவிடும், இரண்டு சட்டைகளும் மாதக்கணக்கில் கலந்து ஓடும். பணம் போதவில்லையென்றால் பாதிச் சைட்டுகளுக்கு இரண்டு செட் கொடுத்து முடித்துவிட்டு மீதிச் சைட்டுகளுக்கு அடுத்த மாதம் போங்கள். இன்னொன்று: இந்தச் செலவைக் காவலாளியின் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பெயரை மாற்ற முடிவெடுத்தது அவர் இல்லை.

பழைய சட்டையைக் கணக்குப் பார்த்துத் திரும்ப வாங்கி, பட்டையை அறுத்து, தொப்பிச் சின்னத்தை எடுத்துவிட்டு, துணியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிடலாம். பட்டைகளை எண்ணி, பதிவு செய்து, சூப்பர்வைசர்கள் முன்னிலையில் எரித்துவிடுங்கள். வேலையை விட்டுப் போனவர்களிடம் இருக்கிற பழைய சட்டைகள்தான் கடினம். கடந்த ஒரு வருடத்தில் விலகியவர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள். நிலுவைச் சம்பளமோ பி.எஃப். கையெழுத்தோ பாக்கி இருந்தால் அதை முதலில் முடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு சட்டையைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலோர் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

ஆறாம் படி: மாற்றுகிற நாள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் விதி: சட்டை மாறுகிற நாளில் ஆள் மாறக் கூடாது. இணைப்பு நடந்ததும் ஆட்களை இடம் மாற்றிச் சீராக்கத் தோன்றும். சூரமங்கலம் ஆளை ஏற்காட்டுக்கும், அங்கிருப்பவரைக் கீழேயும் அனுப்பத் தோன்றும். அதைத் தள்ளிப் போடுங்கள். தெரிந்த முகம் புதுச் சட்டையில் வந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள். புது முகம் புதுச் சட்டையில் வந்தால் அவர் உண்மையில் யார் என்று பார்க்கிற எல்லோருக்கும் சந்தேகம் வரும், வராவிட்டால் அதுதான் ஆபத்து. சட்டை மாறிக் குறைந்தது ஒரு மாதம் கழித்து ஆட்களை மாற்றுங்கள்.

இரண்டாவது, எல்லா சைட்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வழித்தடம் வழித்தடமாகப் போங்கள். மேட்டூர், மேச்சேரி ஒரு தொகுதி. கருப்பூர், ஓமலூர் ஒன்று. மாநகருக்குள் ஐந்து ரோடு, அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை ஒன்று. ஏற்காடு ஒன்று. ஒரு தொகுதிக்குள் மட்டும் எல்லாமே அதே நாளில் மாறிவிட வேண்டும். அப்படிச் செய்தால் அந்தத் தொகுதியில் மறுநாள் பழைய சட்டையில் யார் வந்தாலும் தடுத்து நிறுத்தலாம் என்று தெளிவாகச் சொல்ல முடியும்.

தேதி பார்க்கும்போது ஊர் நிலவரத்தைப் பாருங்கள். ஏற்காட்டில் மே மாதம் தொடக்கூடாது. கோடை விழாக் கூட்டம், ரிசார்ட்டுகள் நிரம்பி வழியும், ஒரு காவலாளியையும் அரை மணி நேரம் தனியாகக் கூப்பிட முடியாது. நவம்பர் முதல் ஜனவரி வரை காப்பி அறுவடை; எஸ்டேட்டில் பழமும் உலர்களத்தில் கொட்டையும் கிடக்கிற நேரம், வெளியாட்கள் நடமாட்டம் அதிகம். பள்ளிகள் திறந்து கூட்டம் ஓய்ந்த ஜூன் கடைசி மலைக்கு நல்ல நேரம். மாநகரில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா, பிறகு தீபாவளிக்கு முந்தைய கடைவீதி நெரிசல், இரண்டையும் தவிருங்கள். சம்பளம் போடுகிற வாரத்தையும் தவிருங்கள்.

நேரம்: காலை ஷிப்ட் மாறும்போது, பகல் வெளிச்சத்தில். இரவு டியூட்டி முடிப்பவர் பழைய சட்டையில் இருப்பார். காலையில் வருபவர் புதுச் சட்டையில் வருவார். இருவரையும் சூப்பர்வைசரும் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவரும் சேர்ந்து பார்த்து ரிஜிஸ்டரில் கையெழுத்திட வேண்டும். பழைய ரிஜிஸ்டரில் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு முடித்து, புது ரிஜிஸ்டரில் முதல் வரி. சாவி எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும். பழைய கேட் பாஸ் புத்தகத்தில் மீதித் தாள்களைக் குறுக்குக் கோடு போட்டு ரத்து செய்ய வேண்டும். பழைய அட்டையை அங்கேயே வாங்கிக்கொண்டுதான் புது அட்டையைக் கொடுக்க வேண்டும். ‘அப்புறம் கொண்டு வந்து தருகிறேன்’ என்பதை ஏற்காதீர்கள். போட்டோவோடு கூடிய அடையாள அட்டையை ஒவ்வொரு காவலாளிக்கும் ஏஜென்சி கொடுக்க வேண்டும் என்பது முகமைகள் சட்டத்தின் 17ஆம் பிரிவு. ஆகவே புது அட்டை கையில் இல்லாதவருக்கு அன்று புதுச் சட்டையும் கிடையாது. இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

அடுத்தது போன் வழியாக வரும் ஏமாற்று. “நான் புது ஹெட் ஆபீஸிலிருந்து பேசுறேன், கம்பெனி மாறிடுச்சு, சாயந்திரம் ஒரு வண்டி வரும், விட்டுடுங்க” என்று யாராவது பேசினால், மாற்றம் நடக்கிற வாரத்தில் அது நம்பத்தக்கதாகவே தோன்றும். காவலாளிகளுக்கு எளிமையாக, பேச்சுத் தமிழிலேயே இப்படிச் சொல்லிக் கொடுங்கள்:

“அண்ணா, கம்பெனி பேரு மாறினாலும் உங்களுக்கு உத்தரவு போடறது உங்க பழைய சூப்பர்வைசர்தான். வேற யாரு போன் பண்ணி என்ன சொன்னாலும், வெச்சுட்டு, உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிட்டுக் கேளுங்க. கேட்டதுக்காக யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். புது முதலாளி கோபித்துக்கொள்வாரோ என்ற பயத்தில்தான் நல்ல காவலாளிகூடக் கேட்காமல் கேட்டைத் திறந்துவிடுகிறார்.

ஏழாம் படி: காவலாளிகளிடம் பேசுவது

வரிசையில் இதை ஏழாவதாக எழுதினாலும் நாள்காட்டியில் இது முன்னால் வர வேண்டும். டீக்கடையில் கேள்விப்படுவதற்கு முன் அவர்கள் உங்களிடமிருந்து கேட்க வேண்டும். அவர்கள் கேட்கப் போவது லோகோவைப் பற்றி அல்ல: வேலை இருக்குமா, சம்பளம் எப்போது, பி.எஃப். என்ன ஆகும், இவ்வளவு வருட சர்வீஸ் போய்விடுமா?

பதில்களைத் தயாராக வைத்திருங்கள். பி.எஃப்.-இல் ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாகக் கொடுக்கிற யு.ஏ.என். எண் அப்படியே இருக்கும். நிறுவனத்தின் குறியீடு மாறினால் அதற்குக் கீழே புது உறுப்பினர் எண் வரும், பழைய கணக்கிலிருந்து பணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணும் மாறாது. ஆனால் புது நிறுவனக் குறியீட்டின் கீழ் சேர்க்காமல் விட்டால் மருந்தகத்தில் போய் நிற்கும்போதுதான் அது தெரியவரும், அது அவருடைய குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளாகவும் இருக்கும். ஆகவே சட்டை மாற்றுவதற்கு முன்பே பெயர்களை ஏற்றிவிடுங்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டுக்குமே சேலத்தில் அலுவலகம் இருக்கிறது. இணைப்புப் பத்திரத்தோடு நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. கிராஜுவிட்டிக்குப் பழைய சேர்ந்த தேதியே தொடரும் என்பதை இணைப்பு ஒப்பந்தத்திலும், ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற கடிதத்திலும் எழுதிக் கொடுங்கள். வட மாநிலத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் கடிதம் இந்தியிலோ ஒடியாவிலோ இருக்கட்டும்.

முதல் சம்பளம் பழைய தேதியிலேயே, ஒரு நாள்கூடத் தாமதமில்லாமல் போக வேண்டும். வேறு எந்த அறிவிப்பும் இதற்கு ஈடாகாது.

பதவிப் பெயர்களும் உரசும். ஒரு நிறுவனத்தில் ‘ஹெட் கார்டு’, மற்றதில் அதே வேலைக்கு ‘சூப்பர்வைசர்’. ஒருவரையும் கீழே இறக்காமல் ஒரே வரிசைக்குக் கொண்டுவாருங்கள். ஒரே இடத்தில் 15 காவலாளிகளுக்கு மேல் ஒரு சூப்பர்வைசரிடம் விடக் கூடாது, பல இடங்களில் சிதறியிருந்தால் 6 பேருக்கு ஒருவர் என்பது மாதிரி விதிகளின் கணக்கு. எஸ்டேட் சைட்டுகள் எல்லாம் சிதறியவைதான். ‘இரண்டு சூப்பர்வைசர் எதற்கு’ என்று அங்கே கை வைக்காதீர்கள்.

எட்டாம் படி: வாடிக்கையாளரும் பில்லும்

கடிதத்தை மெயிலில் மட்டும் அனுப்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பழைய இரண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் கையெழுத்திட்ட கடிதமாக இருக்கட்டும். பெரிய ஆலைகளில் அட்மின், பர்ச்சேஸ், அக்கவுண்ட்ஸ் மூன்று மேசைக்கும் தனித்தனிப் பிரதி. வெண்டார் எண் மாறுவதற்கு நாளாகும், ஒர்க் ஆர்டரைத் திருத்தி வாங்க வேண்டும்; அதனால் இந்த வேலை சட்டைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

வங்கிக் கணக்கு மாறுகிறதென்றால் கடிதத்தில் இப்படி ஒரு பத்தி கட்டாயம்:

“எங்கள் வங்கிக் கணக்கு விவரத்தை இந்தக் கடிதத்தின் மூலம் மட்டுமே நேரில் தருகிறோம். மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ வேறு கணக்கு எண் வந்தால் பணம் அனுப்ப வேண்டாம். எங்கள் பழைய தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.”

அடுத்து ஜி.எஸ்.டி. ஏற்காடு நிறுவனம் போல ஒரு பார்ட்னர்ஷிப் கம்பெனிக்குள் வருகிற இணைப்புகளில் வாடிக்கையாளர் கோபப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 2019 ஜனவரி 1 முதல், கம்பெனியாக இல்லாத ஏஜென்சி, அதாவது தனிநபர் நிறுவனமோ பார்ட்னர்ஷிப்போ, ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வாடிக்கையாளருக்குக் காவலாளிகளைக் கொடுத்தால் 18 சதவீத வரியை வாடிக்கையாளரே நேரடியாக அரசுக்குக் கட்ட வேண்டும். பில்லில் வரி இருக்காது. அதே சேவையைக் கம்பெனி கொடுத்தால் பில்லிலேயே 18 சதவீதம் வரும். ரிசார்ட் உரிமையாளருக்கு நேற்று வரை 1,00,000 ரூபாய் பில் வந்தது, இந்த மாதம் 1,18,000 வந்தால், “பெயரை மாற்றிவிட்டு விலையை ஏற்றிவிட்டார்கள்” என்றுதான் நினைப்பார். அவர் முன்பும் அந்த 18,000 ரூபாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார், இப்போது நம் வழியாகக் கட்டுகிறார் என்பதை பில் போவதற்கு முன்பே அவருடைய ஆடிட்டருக்கு விளக்குங்கள். ஜி.எஸ்.டி. பதிவே இல்லாத வாடிக்கையாளருக்கு, வரியை அவரே நேரடியாகக் கட்டுகிற இந்த முறை முன்பும் கிடையாது. அவர்களுக்கான பழைய பில்களை எடுத்து எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

டெண்டர் எடுப்பவர்கள் அனுபவச் சான்றிதழ்களை மறக்கக் கூடாது. பழைய பெயரில் வாங்கிய சான்றிதழ்களோடு பெயர் மாற்றச் சான்றிதழோ இணைப்பு உத்தரவோ இணைத்தே எப்போதும் கொடுங்கள். வங்கி உத்தரவாதங்கள் எந்தப் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள்.

ஒன்பதாம் படி: பலகை, வண்டி, போன்

இது எளிது. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின்படி பலகையில் தமிழ் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 விகிதம். கூகுள் மேப்பில் புதிதாக ஒரு இடம் தொடங்காமல் பழைய பதிவிலேயே பெயரை மாற்றுங்கள்; பழைய மதிப்புரைகள் தங்கும். பழைய தொலைபேசி எண்களைக் குறைந்தது இரண்டு வருடம் உயிரோடு வைத்திருங்கள். ராத்திரி ஏதாவது நடந்தால் எஸ்டேட் ரைட்டர் (கணக்குப்பிள்ளை) தனக்கு மனப்பாடமான எண்ணைத்தான் அழுத்துவார்.

மாற்றம் முடிந்த பிறகு

முதல் மாதம் வாரத்தில் ஓர் இரவு முன்னறிவிப்பில்லாமல் சோதனை வையுங்கள். சைட்டுக்குத் தெரியாத ஒருவரைப் பழைய சட்டையில் அனுப்பி, காவலாளி தடுக்கிறாரா என்று பாருங்கள். இதை வாடிக்கையாளருக்கும் உள்ளூர் காவல் நிலையத்துக்கும் முன்பே சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். தடுத்தவருக்கு அன்றே கையில் ஒரு சிறு தொகை கொடுங்கள். தடுக்காதவரைத் தண்டிக்காமல், அந்த சைட்டில் மறுபடி உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

மூன்றாம் மாதம், வரிசை எண் பட்டியலில் திரும்பி வராத அட்டைகள், ஸ்டாம்புகள் எத்தனை என்று பாருங்கள். திரும்பாத ஒவ்வொன்றையும் எண்ணோடு எழுதி, அது செல்லாது என்று எல்லா சைட் கேபினிலும் ஒட்டுங்கள். அட்டை தொலைந்ததாகச் சொன்னால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

வருமான வரிக் கணக்கு முடிக்கிற நேரத்தில் நின்றுபோன நிறுவனத்தின் பான் எண்ணில் யாராவது இன்னும் டி.டி.எஸ். கட்டிக்கொண்டிருக்கிறார்களா என்று ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஓரிருவர் இருப்பார்கள், அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் மேசைக்கு அந்தக் கடிதத்தின் பிரதி போய்ச் சேரவில்லை என்று பொருள். இன்னொரு பிரதி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.